உலகத்தைக் கேட்க வைத்த கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால், அவருடைய மனைவி அந்த டெலிபோனில் ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை! காரணம், அந்த அம்மாளுக்குக் காது கேட்காது.

பெல்லைப் பெற்ற தாயாருக்கும் காது மந்தம். காது கேளாத தாய், காது கேளாத தாரம். இந்த இருவருக்கும் நடுவே வாழ்ந்த மனிதர்தான், பல மைல்களுக்கு அப்பால் இருப்பவரின் பேச்சை நம் காதருகே கொண்டுவந்து சேர்த்தார்.

நெற்றியில் பேசிய மகன்

அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஸ்காட்லாந்து நாட்டில் உள்ள எடின்பரோ நகரில் 1847-ம் ஆண்டு மார்ச் 3-ந்தேதி பிறந்தார்.

தந்தையார் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். நாக்கும் உதடும் தொண்டையும் எப்படி அசைந்தால் என்ன ஒலி பிறக்கும் என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் முறையை உண்டாக்கியவர்.

தாயார் எலிசா நன்றாகப் பியானோ வாசிப்பார். காதில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, அதன் மறுமுனையைப் பியானோவின் பலகைமீது ஊன்றி இசையைக் கேட்பார். மகனுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவரும் அவரே.

மற்றவர்கள் எலிசாவிடம் பேசவேண்டுமானால், அந்தக் குழாய்க்குள் உரக்கப் பேசுவார்கள். சிறுவன் பெல் அப்படிச் செய்யமாட்டான். தாயின் நெற்றியருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசுவான். அந்த அதிர்வைக் கொண்டு தாய் புரிந்துகொள்வார்.

வீட்டில் நாலு பேர் கூடிப் பேசும்போது, தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவர்கள் பேசுவதை விரல் எழுத்துக்களால் தாய்க்குத் தெரிவிப்பான். தாயைத் தனியாக விடமாட்டான்.

ஒலி என்பது ஓர் அதிர்வு. அது காதில் மட்டும் அல்ல, எலும்பிலும் தோலிலும் கூடப் படும். இந்தப் பாடத்தைப் பெல் படித்தது எந்தக் கல்லூரியிலும் அல்ல, தாயின் மடியில்!

நாய் பேசியது!

பெல்லுக்குச் சிறு வயதிலேயே விசித்திரமான ஆசை ஒன்று உண்டாயிற்று. வீட்டு நாயைப் பேச வைக்கவேண்டும் என்பதே அது.

நாயை விடாமல் உறுமப் பழக்கினான். அது உறுமும்போது, அதன் வாயையும் தொண்டையையும் கையால் பிடித்து அசைத்தான். அந்த உறுமல், பாட்டியம்மாளை நலம் விசாரிப்பது போலக் காதில் விழுந்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள்.

இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. காச நோய் அந்தக் குடும்பத்தில் புகுந்தது. 1867-ல் தம்பி இறந்தான். 1870-ல் அண்ணனும் இறந்தார். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்றவேண்டும் என்று, பெற்றோர் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். அங்கே பெல்லின் உடல் தேறியது.

மறு ஆண்டு அவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போனார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியர் வேலை. அதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கருதினார். பிற்காலத்தில் எவ்வளவோ புகழ் வந்தபோதும், தம்மைக் காது கேளாதவர்களின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்.

இறந்தவரின் காது

பகலெல்லாம் பாடம். இரவெல்லாம் ஆராய்ச்சி.

1874-ல் டாக்டர் ஒருவர், இறந்துபோன ஒரு மனிதரின் காதைப் பெல்லுக்கு ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார். அதன் சவ்வின் எதிரே பெல் பேசினார். சவ்வு அதிர்ந்தது. அதோடு இணைந்த சிறு எலும்புகள் அசைந்தன. எலும்பில் ஒட்டியிருந்த துரும்பு, கரி படிந்த கண்ணாடியில் கோடு போட்டது!

பெல்லின் மனத்தில் ஓர் எண்ணம் மின்னியது. இத்தனை மெல்லிய சவ்வு எலும்பையே அசைக்குமானால், அதைவிடப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? அந்த அசைவை மின்சாரத்தில் ஏற்றிக் கம்பி வழியாக அனுப்ப முடியாதா?

டெலிபோன் என்பது என்ன? இயந்திரத்தில் செய்த காதுதான்!

1875-ம் ஆண்டு ஜூன் 2-ந்தேதி. பெல் ஓர் அறையில். உதவியாளர் வாட்சன் வேறோர் அறையில். இருவருக்கும் இடையே கம்பி. வாட்சன் பக்கத்தில் இருந்த எஃகுத் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. அவர் அதை விரலால் சுண்டிவிட்டார். அந்த மெல்லிய ஒலி, கம்பி வழியாகப் பெல்லின் காதில் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். பெல்லின் காது பழகிய காது. அவர் அடுத்த அறைக்கு ஓடினார். எதையும் மாற்றாமல், மீண்டும் மீண்டும் சுண்டச் சொன்னார்.

1876 மார்ச் 7-ந்தேதி அவருக்கு அமெரிக்க அரசாங்கம் காப்புரிமை வழங்கியது. மார்ச் 10-ந்தேதி, தம்மிடம் வரும்படி வாட்சனைக் கருவி மூலம் அழைத்தார் பெல். சொற்கள் தெளிவாகக் கேட்டன. வாட்சன் ஓடோடி வந்தார்!

கலியாணப் பரிசு

பெல்லிடம் பேச்சுப் பயிற்சி பெற்ற பெண்களில் ஒருத்தி மேபல். 5 வயதில் வந்த கடும் ஜுரம் அவள் காதுகளைப் பறித்துவிட்டது. பிறர் உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். ஆசிரியருக்கு அவள்மீது அன்பு பிறந்தது.

1876 ஜூன் மாதம் பிலடெல்பியா நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. பள்ளிப் பரீட்சை வேலை இருக்கிறது என்று பெல் போகத் தயங்கினார். மேபல்தான் பிடிவாதம் பிடித்து அவரை ரயிலேற்றி அனுப்பினாள். அங்கே பிரேசில் நாட்டுச் சக்கரவர்த்தி கருவியைக் காதில் வைத்துக் கேட்டுப் பிரமித்துப்போனார். டெலிபோனின் புகழ் பரவியது.

1877 ஜூலையில் கலியாணம். டெலிபோன் கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளில் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை எல்லாம் மேபலுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார் பெல்.

மடியில் ஒரு சிறுமி

1886-ல் ஒரு தந்தை தம் 6 வயது மகளைப் பெல்லிடம் அழைத்து வந்தார். அவளுக்குக் கண் தெரியாது, காதும் கேட்காது. பெல் அவளை மடியில் வைத்து, தம் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, அதை மணியடிக்க வைத்தார். அவள் கையால் காட்டிய சைகைகளைப் புரிந்துகொண்டார். அந்தக் கணமே குழந்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவள்தான் ஹெலன் கெல்லர்! பெல் காட்டிய வழியில்தான், 1887 மார்ச் 3-ந்தேதி ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்று பெல்லுக்கு 40-வது பிறந்த நாள். பின்னாளில் ஹெலன் தம் வாழ்க்கை வரலாற்று நூலைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

கேட்க மறந்த குரல்

இத்தனை பெரியவரிடமும் ஒரு குறை இருந்தது. அதை மறைப்பது நியாயம் அல்ல.

காது கேளாதவர்கள் எல்லாரும் வாயால் பேசியே தீரவேண்டும், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்பது பெல்லின் கொள்கை. பள்ளிகளில் சைகை மொழியில் பாடம் நடத்துவதை அவர் எதிர்த்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதும் நல்லதல்ல என்று 1883-ல் அறிஞர் சபையில் வாதாடினார்.

சைகை மொழி அவர்களுடைய தாய்மொழி போன்றது. அதைப் பள்ளியிலிருந்து விரட்டியதால், பல பிள்ளைகள் பாடம் விளங்காமல் தவித்தார்கள். 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகை மொழியை ஒதுக்கித் தீர்மானம் போட்டது. 2010-ல் கனடாவில் நடந்த மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டு கழித்து!

ஒரு சிறுமியின் சைகையைப் புரிந்துகொண்ட பெல், ஒரு சமூகமே கைகளால் சொன்னதற்குச் செவி சாய்க்கவில்லை. அந்தக் கோபம் அவர்களிடம் இன்றும் ஆறவில்லை.

ஒரு நிமிட மௌனம்

முதுமையிலும் பெல் ஆராய்ச்சியை விடவில்லை. தம் படிப்பறையில் மட்டும் டெலிபோனை வைத்துக்கொள்ளவில்லை. அது சிந்தனையைக் கலைக்குமாம்!

1922 ஆகஸ்டு 2-ந்தேதி, 75-வது வயதில் கனடாவில் காலமானார். மேபல் அருகில் இருந்தார். ஐந்தே மாதத்தில் அந்த அம்மாளும் மறைந்தார்.

ஆகஸ்டு 4-ந்தேதி பெல்லின் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டன. ஒரு கோடிக்கு மேற்பட்ட டெலிபோன்கள் மௌனமாயின.

நம் வீட்டிலும் காது மந்தமான பாட்டி இருக்கலாம், தாத்தா இருக்கலாம். நாலு பேர் சிரித்துப் பேசும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் மூலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, நிதானமாக விஷயத்தைச் சொல்லுங்கள். பிறகு, அவர் சொல்வதையும் கேளுங்கள்.

எடின்பரோ நகரில் ஒரு சிறுவன் தன் தாய்க்குச் செய்தது அதுதான்.