மெழுகுதிரி வெளிச்சத்தில் உடலுக்குள் பார்த்தவர்

வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகவோ சிறுநீர்ப் பாதை வழியாகவோ குழாயைச் செலுத்திச் சத்திரசிகிச்சை செய்வது இன்று வழமையாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று வைத்தியரின் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இது எதுவும் சாத்தியமில்லை. அந்தக் கண்ணுக்கு வழி தேடிய முன்னோடி பிலிப் பொட்சினி.

1773 இல், இன்றைய ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை இத்தாலியர். 1797 இல் வைத்தியரானார். பிரெஞ்சுப் படைகளுடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மைன்ஸில் 120 கட்டில்கள் கொண்ட கள வைத்தியசாலையைப் பொறுப்பேற்று நடத்தினார். காயத்தின் ஆழத்தை விரலாலும் கம்பியாலும் துழாவித்தான் அறியவேண்டியிருந்தது. மைன்ஸ் பிரான்சின் கைக்குப் போனதும், பிரெஞ்சுப் பிரசையாக விரும்பாமல் 1803 இல் பிராங்க்பேர்ட்டுக்கு இடம்பெயர்ந்தார்.

அங்கே உருவானதுதான் 'ஒளிகடத்தி'. தோல் போர்த்திய தகரக் கூடு, உள்ளே ஒரு மெழுகுதிரி, அதன் பின்னால் குழிவாடி. முன்பக்கத்தில், உடலின் ஒவ்வொரு துவாரத்துக்கும் ஏற்ற வெவ்வேறு குழாய்கள். சுடரின் வெளிச்சம் பார்ப்பவரின் கண்ணில் அடித்தால் உள்ளே எதுவும் தெரியாது. ஆகவே வெளிச்சம் போகும் வழியையும் பிம்பம் திரும்பும் வழியையும் தடுப்பு வைத்துப் பிரித்தார். மெழுகுதிரி போய் ஒளியிழையும் கமராவும் வந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. குத்துமதிப்பாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகள் இனிக் கண்ணால் பார்த்துச் செய்யப்படும் என்றும் அவர் எதிர்பார்த்தார்.

1806 இல் வியன்னாவின் இராணுவ மருத்துவ அக்கடமி கருவியைச் சடலங்களில் சோதித்துப் பாராட்டியது. பிறகு பல்கலைக்கழக மருத்துவ பீடம் அதை நிராகரித்தது. மெழுகுதிரியின் வெளிச்சம் போதாது என்பது உண்மைதான். ஆனாலும் இரு நிறுவனங்களுக்கும் இடையே இருந்த போட்டிக்கு இதில் பங்கில்லை என்று நம்புவது கடினம். திருத்திச் செய்யும்படி ஊக்குவித்திருக்கலாமே!

பொட்சினிக்கு அதற்கு அவகாசமும் கிடைக்கவில்லை. பிராங்க்பேர்ட்டில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது நோயாளரைப் பராமரித்தவர், தானும் தொற்றுக்குள்ளாகி 1809 ஏப்ரலில் இறந்தார். வயது 35. மனைவியும் மூன்று பிள்ளைகளும் தனித்துப்போயினர்.

எழுபது ஆண்டுகளின் பின், 1879 இல், அதே வியன்னாவில் மாக்ஸிமிலியன் நிட்சே வெளிச்சத்தைக் குழாயின் நுனிக்கே கொண்டுபோய், சிறுநீர்ப்பையின் உள்ளே ஒளியேற்றிக் காட்டினார். பொட்சினியின் கருவி இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போய், 2002 இல் வியன்னாவுக்குத் திரும்பியது.