சீன ஜனத்தொகையைக் கணக்குப் போட்ட கிழவர்
200 கட்டுரைகள் எதிர்த்தும் பணியாத பேராசிரியர்

சீனாவில் ஒரே ஒரு கிழவரை எதிர்த்து 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவர் துப்பாக்கி தூக்கவில்லை, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்யவில்லை. ஜனத்தொகையை ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பார்த்தார். குற்றம் அவ்வளவுதான்!

அவர் பெயர் மா யின்ச்சு. பொருளாதாரப் பேராசிரியர். பீகிங் பல்கலைக்கழகத்தின் தலைவர். நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரியான பதவி.

சீன மொழியில் "மா" என்றால் குதிரை. அவர் பிறந்த 1882-ம் ஆண்டும் சீனக் கணக்குப்படி குதிரை ஆண்டு. முரட்டுக் குதிரை என்று பிற்பாடு அதிகாரிகள் தெரிந்து கொண்டார்கள்.

ஆற்றில் குதித்த பையன்

ஊர், செகியாங் மாகாணத்தில் ஷெங் என்னும் வட்டாரம். அப்பாவுக்கு அரிசி மது காய்ச்சும் தொழில். கடைக் கணக்கு எழுத வீட்டிலேயே ஒரு பையன் இருந்தால் சம்பளம் மிச்சம் என்பது அப்பாவின் யோசனை. பையனோ படிக்க வேண்டும் என்றான். அடி விழுந்தது. அவன் ஆற்றில் போய் குதித்து விட்டான் என்றும், ஆட்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள் என்றும் சொல்வார்கள்.

அதற்கப்புறம் அப்பா இறங்கி வந்தார். ஷாங்காய் நகரில் இருந்த அப்பாவின் நண்பர் பையனை அழைத்துக் கொண்டுபோய் பள்ளிக்கூடத்தில் சேர்த்து விட்டார். பிறகு தீன்சின் நகரில் சுரங்கப் படிப்பு. அங்கிருந்து அரசாங்க உதவியோடு அமெரிக்கா.

யேல் பல்கலைக்கழகத்தில் சுரங்கத்தை விட்டுவிட்டுப் பொருளாதாரத்துக்கு மாறினார். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டது சீனாவை அல்ல, நியூயார்க் மாநகராட்சியின் வரவு-செலவை! 1914-ல் அது புத்தகமாகவே வந்தது. கடைக் கணக்கு எழுத மறுத்த பையன் நியூயார்க் நகரத்துக் கணக்கையே புரட்டிப் பார்த்து விட்டான்.

ஊர் திரும்பியதும் பீகிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. 1919-ல் பாடத் துறைகளுக்கெல்லாம் பொறுப்பாளர். பாங்குகளுக்கு ஆலோசனை சொன்னார். பிறகு சியாங் கை ஷேக்கின் தேசிய அரசாங்கத்தில் சட்டம் இயற்றும் சபைக்கும் போனார். கையில் காசு, சமூகத்தில் மதிப்பு. பேசாமல் இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கலாம்.

மந்திரிகள் மீது பாய்ச்சல்

ஜப்பான் படையெடுத்து வந்தது. அரசாங்கம் சுங்கிங் நகருக்கு இடம் பெயர்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மா வணிகக் கல்லூரித் தலைவர் ஆனார்.

யுத்த காலம். அரிசி விலை ஏறுகிறது, நோட்டின் மதிப்பு இறங்குகிறது. சாதாரண குமாஸ்தா பட்டினி. ஆனால் மேலிடத்துச் சொந்தக்காரர்கள் சிலர் மட்டும் கொழுத்தார்கள். மா மேடை ஏறினார். சியாங்கின் மைத்துனர்களான குங், சூங் குடும்பங்களை நேரடியாகவே தாக்கினார். யுத்தத்தில் கொள்ளை லாபம் அடித்தவர்களின் சொத்துக்கு வரி போடு என்றார். நிதி மந்திரியாக இருந்தவரே அந்தக் குங்தான்! சும்மா விடுவார்களா?

1940 டிசம்பர் 6-ந் தேதி கைது. குய்சௌ மாகாணத்தில் சிஃபெங் என்ற இடத்தில் இருந்த அரசியல் கைதிகள் முகாமில் அடைத்தார்கள்.

மாணவர்கள் செய்த காரியம் அழகானது. சீன வழக்கப்படி அவருக்கு 60 வயது நிறைவு விழா 1941-ல் வந்தது. விழா நாயகர் சிறையில். ஆனாலும் விழாவை நடத்தினார்கள். கல்லூரி வளாகத்தில் அவர் பெயரில் ஒரு சிறு மண்டபத்தையும் எழுப்பினார்கள். 1942-ல் முகாமிலிருந்து விட்டார்கள். ஆனால் வீட்டுக் காவல். அது 1944 வரை நீடித்தது.

புதிய ஆட்சி, பெரிய பதவி

1949-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். சியாங்கை எதிர்த்த பேராசிரியருக்கு நல்ல மரியாதை. முதலில் செகியாங் பல்கலைக்கழகத் தலைவர், 1951-ல் பீகிங் பல்கலைக்கழகத் தலைவர். கட்சி உறுப்பினர் அல்ல. ஆனாலும் பிரதமர் சௌ என் லாய்க்கு சுங்கிங் நாளிலிருந்தே பழக்கம்.

1953-ல் சீனாவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். 60 கோடி! எல்லாருக்கும் பெருமை. மா மட்டும் பென்சிலை எடுத்தார்.

ஆண்டுக்கு 100-க்கு 2 வீதம் கூடினால் 15 ஆண்டில் 80 கோடி. 50 ஆண்டில் 160 கோடி. இதுதான் அவர் போட்ட கணக்கு. கடைக்காரர்களுக்குக் கூட்டு வட்டி தெரியும், அதே சங்கதிதான். உற்பத்தியாவதையெல்லாம் வாய்களே தின்று தீர்த்தால் இயந்திரம் வாங்க எங்கே மிச்சம்? இதுதான் அவர் கேள்வி. சொந்த மாகாணத்துக் கிராமங்களில் சுற்றிப் பார்த்து விட்டு வந்துதான் இதைப் பேசினார்.

அவர் சொன்ன மருந்தும் கடுமையானது அல்ல. கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்கள். கருத்தடை சாதனங்களைப் பரப்புங்கள். 2 பிள்ளையோடு நிறுத்தினால் பரிசு, 3-வது பிறந்தால் வரி, 4-வதற்கு இன்னும் அதிக வரி. கருக்கலைப்பு கூடவே கூடாது. (அவருக்கே பிள்ளைகள் பலர் என்பது வேறு விஷயம்.) நம் நாட்டில் 1952-லேயே குடும்பக் கட்டுப்பாடு அரசாங்கத் திட்டம் ஆகிவிட்டது. சீனாவில் அதைப் பேசுவதே வம்பாக இருந்தது.

1955-ல் ஒரு முறை எழுதிக் கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பவே திரும்பப் பெற்றுக் கொண்டார். 1957 ஜூலை 5-ந் தேதி அவருடைய புதிய ஜனத்தொகைக் கொள்கை, கட்சிப் பத்திரிகையிலேயே முழுசாக அச்சாகி வந்தது.

நேரம் சரியில்லை. வலதுசாரிகளை ஒழிப்பது என்ற பெயரில் படித்தவர்கள் மீது வேட்டை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எந்த "மா"?

சீன மொழியில் மார்க்ஸ் பெயரும் "மா"வில்தான் ஆரம்பிக்கும், மால்தஸ் பெயரும் "மா"வில்தான் ஆரம்பிக்கும். மால்தஸ், ஜனத்தொகை பெருகினால் பட்டினிதான் என்று எழுதிய ஆங்கிலப் பாதிரியார். கம்யூனிஸ்டுகளுக்கு வேப்பங்காய். நீ எந்த "மா" குடும்பம் என்று கிழவரைக் கேலி செய்தார்கள். தான் மார்க்ஸ் குடும்பம்தான் என்று அவர் சளைக்காமல் பதில் சொன்னார்.

1958 மே மாதம் பீகிங் பல்கலைக்கழகத்துக்கு 60-வது ஆண்டு விழா. தலைவர்களில் ஒருவரான சென் போ டா, அந்த மேடையிலேயே மா தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். பல்கலைக்கழகத் தலைவருக்கு அவருடைய சொந்த விழாவிலேயே அவமானம்! அப்புறம் சுவரொட்டிகள், கண்டனக் கூட்டங்கள், கட்டுரைகள். அவர் குடியிருந்த வளாகத்து வீட்டைச் சுற்றியும் ஒட்டினார்கள்.

சௌ என் லாய் கூப்பிட்டுப் பேசினார். ஒரு வார்த்தை தப்பு என்று எழுதிக் கொடுத்து விட்டால் விஷயம் முடிந்து விடும் என்பது அவர் எண்ணம். மா மறுத்து விட்டார். நட்பு வேறு, உண்மை வேறு என்பது அவர் கட்சி. அதோடு நிற்காமல் பத்திரிகைக்கும் எழுதினார். 80 வயதை நெருங்குகிறேன், எதிரிகள் பலர் என்பதும் தெரியும், தனி ஆளாக நின்று சாகும்வரை போராடுவேன், வாதத்தால் வெல்லாமல் பலத்தால் அழுத்துகிறவர்களிடம் பணிய மாட்டேன் என்பது அதன் சாரம்.

1960-ல் பதவி போயிற்று. எழுதுவதற்கும் தடை. பீகிங்கில் ஒரு வீட்டில் ஏறக்குறைய 20 ஆண்டு மௌனம்.

அந்த வீட்டில் விவசாயம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். கலாசாரப் புரட்சி வந்தது. செங்காவலர்கள் வீடு புகுந்து தேடுகிற காலம். அவர்கள் கையில் சிக்கினால் குடும்பத்துக்கே ஆபத்து. கைப்பிரதியை வீட்டிலேயே எரித்து விட்டார்கள். சிறைக்குப் பயப்படாத மனுஷருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?

உடம்பு மட்டும் இரும்பு. முதலில் வெந்நீர், உடனே பச்சைத் தண்ணீர் என்று குளிப்பது அமெரிக்காவில் படித்தபோது பிடித்த பழக்கம். மலை ஏறுவார். 1972-ல், 90 வயதில், புற்றுநோய்க்கு அறுவை செய்து கொண்டும் பிழைத்தார்.

இதற்குள் கணக்கு பலித்து விட்டது. நடுவில் கோடிக்கணக்கானவர்களைப் பலிகொண்ட பஞ்சம் வந்தும்கூட, 1969-ல் சீன ஜனத்தொகை 80 கோடியைத் தாண்டியது!

97 வயதில் மன்னிப்பு

மாவோ 1976-ல் இறந்தார். 1979-ல் மா மீதான பழி தவறு என்று கட்சி அறிவித்தது. பீகிங் பல்கலைக்கழகம் அவரைக் கௌரவத் தலைவர் ஆக்கியது. அப்போது அவருக்கு 97 வயது.

ஒரு ஆளைத் தவறாகச் சாடியதால் 30 கோடி பேர் கூடுதலாகப் பிறந்து விட்டார்கள் என்று சீனாவில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். 1970-களிலேயே அங்கே குடும்பக் கட்டுப்பாடு மும்முரமாக நடந்தது. பிறப்பும் வேகமாகக் குறைந்தது.

1980-ல் அரசாங்கம் எதிர்ப்பக்கத்து ஓரத்துக்கே தாவியது. வீட்டுக்கு ஒரே குழந்தை! கட்டாயக் கருக்கலைப்புகளும் நடந்தன. இதற்கும் மாவின் பெயரைத்தான் சொன்னார்கள். அவர் கேட்டதோ 2 பிள்ளை, கருக்கலைப்பை எதிர்த்தவர். இந்த வித்தியாசத்தை அங்கே பலர் கண்டுகொள்ளவில்லை. 2016-ல்தான் சீனா 2 பிள்ளைக்கு அனுமதி கொடுத்தது. 2022-ல் ஜனத்தொகையே குறையத் தொடங்கி விட்டது.

மா யின்ச்சு 1982 மே 10-ந் தேதி பீகிங்கில் காலமானார். நூறாவது பிறந்த நாளுக்கு ஆறே வாரம் பாக்கி. அந்த ஜூலை 1-ந் தேதி சீனாவில் மறுபடி தலை எண்ணினார்கள். கணக்கு 100 கோடியைத் தாண்டியிருந்தது.