கரும்புள்ளிகள் காட்டிய வழி

இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ரொனால்டு ராஸ் பிறந்தார். கவிதையிலும் இசையிலும் நாட்டம் கொண்டிருந்த அவர், தந்தையின் விருப்பத்திற்கு இணங்கியே மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பின்னர் ஐதராபாத்தை அடுத்த செகந்தராபாத்தில் படை மருத்துவராக அமர்ந்தார்.

மலேரியாக் கிருமியை மனிதக் குருதியில் 1880இலேயே லாவரான் கண்டிருந்தார். அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி மட்டும் விளங்கவில்லை. கொசுவிற்கு அதில் பங்குண்டு என்று இலண்டன் மருத்துவர் மேன்சன் கருதினார். அதனை மெய்ப்பிக்க ராஸ் ஈராண்டுகள் எண்ணற்ற கொசுக்களை அறுத்துப் பார்த்தார், பயனில்லை. அவை மலேரியாவைச் சுமக்கும் இனமே அல்ல என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

1897 ஆகஸ்டு. கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அந்தப் புழுக்கத்திலும் விசிறி கூடாது. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின; எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டது. உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு, புள்ளிச் சிறகுடைய கொசுக்களுக்குத் தம் குருதியை அளித்தார். ராஸை அறிந்தோருள் இவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 20ஆம் நாள், அக்கொசுக்களுள் ஒன்றை ராஸ் அறுத்தார். கொசுவின் இரைப்பைச் சுவர் கண்ணாடி போன்றது. ஒளி ஊடுருவிச் சென்றுவிடுவதால் அதில் எதுவும் எளிதில் புலப்படாது. இக்காலத்தில் இத்தகைய பொருளுக்குச் சாயம் ஏற்றி, விளக்கின் முன் வண்ண வடிகட்டியை வைத்துப் படம் எடுப்பர். சிவப்புச் சாயம் ஏறிய பகுதி, பச்சை வடிகட்டியின் வழியே கறுத்துத் தோன்றும். படமும் தெளிவாக அமையும்.  ராஸ் பார்த்ததோ சாயம் ஏற்றாத இரைப்பை. எனினும் அதன் சுவரில் வட்டமான உயிரணுக்கள் சில தென்பட்டன. அவற்றினுள் சிறு கரும்புள்ளிகள்! குருதியின் செந்நிறப் பொருளை உண்ட மலேரியாக் கிருமியிடம் எஞ்சும் கரிய நிறமி அது. நோயாளிகளின் குருதியில் பலமுறை பார்த்துப் பழகிய நிறமியாதலால் அவர் கண்கள் உடனே அடையாளம் கண்டன.

மறுநாள் எஞ்சிய கொசுவை அறுத்தபோது அவ்வுயிரணுக்கள் மேலும் பெரியவையாக இருந்தன. அவை வளர்கின்றன என்பது உறுதியாயிற்று. 1898இல் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பரவுவதைக் காட்டினார். 1902இல் நோபல் பரிசு பெற்ற ராஸ், 1932இல் இலண்டனில் மறைந்தார். பேகம்பேட்டையில் அவர் ஆய்வு செய்த கட்டடம் இன்று அவர் பெயராலேயே உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் நிறுவனமாக விளங்குகிறது.