வழிநடையை அளந்த மகாலநோபிஸ்

நமது சங்கத்து ஆண்டுவிழா அழைப்பிதழ்களை வீடுவீடாகக் கொடுக்கப் புறப்படும் அங்கத்தவர்கள், அம்பனையில் தொடங்குவதா, பிள்ளையார் கோவிலடியில் தொடங்குவதா என்று தர்க்கிப்பது வழக்கம். எவ்வழியாற் சுற்றினால் கால் குறைய நோகும் என்பதே வழக்கு. விளையாட்டுப்போலத் தோன்றும் இவ்வழக்கைக் கணிதமாக்கிய முன்னோடிகளுள் ஒருவர், வங்கநாடு தந்த பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலநோபிஸ் ஆவர்.

இவர் 1893ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி கல்கத்தாவிலே, பிரமசமாஜக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிரசிடென்சிக் கல்லூரியிற் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்றார். ஆங்கே நம் தமிழ்மகன் இராமானுஜன் இவருக்கு நண்பரானார். இரவிற் குளிரால் வருந்திய இராமானுஜனுக்கு, கட்டிலிற் செருகி விரித்திருந்த கம்பளிகளுக்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் இவரே. உலகம் வியந்த மேதைக்கு அது தெரியாதிருந்தது சிரிப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தருகின்றது.

பௌதிகம் கற்றுத் தேறி 1915இல் ஊர் திரும்பும் வேளை, யுத்தத்தினாற் கப்பல் தாமதித்தது. அவ்விடைவெளியிற் கல்லூரி நூலகத்திற் கண்ட புள்ளிவிபரச் சஞ்சிகையொன்று அவர் வாழ்வின் திசையையே மாற்றிற்று. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலே படித்துக்கொண்டு வந்தார். 1931 டிசெம்பரில் இந்தியப் புள்ளிவிபர நிலையத்தைத் தாபித்தார். 1933இல் 'சங்கியா' என்னும் சஞ்சிகையையும் தொடங்கினார்.

அக்காலத்தில் வங்காளத்தின் பெருஞ்செல்வம் சணல். எத்தனை ஏக்கரிற் சணல் நிற்கின்றது என்று அறியாவிடின், விலையையும் மதிக்க முடியாது. நெல்லுக்கு எஞ்சிய நிலத்தையும் அறிய முடியாது. ஒவ்வொரு வயலையும் எண்ணுவதற்கோ ஒரு படையே வேண்டும். 1937 தொடக்கம் மகாலநோபிஸ் வேறு வழி சென்றார். நிலப்படத்திற் குலுக்கல்முறையிற் பொறுக்கிய சிறு கட்டங்களை மாத்திரம் பார்த்து, முழுநிலத்தையும் மதிப்பிட்டார். சோற்றுப் பானைக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெண்கள் அறிந்திருந்தும், படித்தவர் பலர் இதனை ஐயுற்றனர்.

இங்கேதான் வழிநடை குறுக்கிட்டது. அலுவலர் வயலில் நிற்கும் நேரத்துக்கும் கூலி. வயலுக்கு வயல் அலையும் நேரத்துக்கும் கூலி. கட்டங்களைக் கூட்டினாற் கணக்குத் திருந்தும். அலைச்சல் எவ்வளவு கூடும்? 1940இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் விடை தந்தார். எல்லா இடங்களையும் தொட்டுச் செல்லும் மிகக் குறுகிய பாதை, அவ்விடங்களின் தொகையினது வர்க்கமூலத்தை ஏறக்குறைய ஒத்தே வளரும். நூறு இடம் நானூறானால் நடை நான்கு மடங்காகாது. இரு மடங்கே ஆகும். அதே பரப்பில் இடங்கள் நெருங்குவதால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் பாதியாகி விடுகின்றதன்றோ? இதனைக் கொண்டு, கையிலுள்ள பணத்துக்குப் பிழை மிகக் குறையும்படி கட்டத்தின் அளவையும் தொகையையும் தெரிந்தெடுத்தார்.

அவர் கண்டது வழுவற்ற நிறுவலன்று. அதனை 1959இலேதான் பியர்ட்வுட், ஹால்ற்றன், ஹாமர்ஸ்லி என்னும் மூவர் நிறுவினர். அதே ஆண்டில் அமெரிக்காவில் டான்ற்சிக், ராம்சர் இருவரும் பெற்றோல் பவுசர்கள் நிரப்பு நிலையங்களை எவ்வாறு சுற்றவேண்டுமென ஆராய்ந்தனர். ஆயினும் சேற்றுநிலத்திற் கூலிக்கணக்குப் பார்த்துப் பிறந்த சூத்திரத்தின்மீதே எனக்கு மதிப்பு அதிகம்.

1950இல் இந்தியத் தேசிய மாதிரி ஆய்வைத் தொடக்கிவைத்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அவர் கொண்ட பங்கு தனிக் கட்டுரைக்குரியது. 1972 யூன் 28ஆந் திகதி, 79ஆம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்பாக, கல்கத்தாவிற் காலமானார். அப்பிறந்தநாளை இந்தியா 2007 தொடக்கம் புள்ளிவிபர தினமாகக் கொண்டாடி வருகின்றது.