திறக்காமல் சோதிக்கும் எக்ஸ்ரேவுக்கு அடித்தளமிட்ட ஆர்தர் காம்ப்டன்

சரக்கு வாகனத்தைத் திறக்காமலேயே உள்ளே ஒளித்த வெடிபொருளைக் காட்டும் பின்சிதறல் எக்ஸ்ரே கருவிகளுக்கு அடிப்படை, அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் 1923-இல் விளக்கிய கதிர்ச் சிதறலாகும்.

ஓஹியோ மாகாணத்தின் வூஸ்டர் நகரில் 1892 செப்டம்பர் 10-ஆம் தேதி பிறந்தவர் காம்ப்டன். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிராஃபைட் மீது எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்திய அவர், எலக்ட்ரான்களில் மோதிச் சிதறும் கதிர்களின் அலைநீளம் கூடுவதைக் கண்டார். கதிர்கள் துகள்களைப் போலவும் செயல்படுவதே காரணம் என்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் டுவான் இதை ஏற்கவில்லை. அவரது ஆய்வகத்தில் அந்த முடிவு கிடைக்கவில்லை. கடுமையாக நீடித்த இந்தச் சர்ச்சை, 1924 இறுதியில் டுவானின் மறு ஆய்வே காம்ப்டனை உறுதிப்படுத்தியதும் ஓய்ந்தது. எதிர்த்தவரே முன்வந்து ஒப்புக்கொண்டது அரிய நிகழ்வு.

பிரிக்கப்படாத இந்தியாவின் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகச் சிறப்பு விரிவுரையாளராக 1926-27-இல் பணியாற்றினார் காம்ப்டன். 1927-இல் சி.டி.ஆர். வில்சனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1962 மார்ச் 15-ஆம் தேதி காலமானார்.

உலோகம் எக்ஸ்ரேவைப் பெரிதும் உறிஞ்சிவிடும். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மிகுந்த வெடிபொருள்களோ அதிகம் சிதறடிப்பதால் படத்தில் பளிச்செனத் தெரிகின்றன. கதிர்மூலமும் உணர்கருவியும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். ஆயினும், திரும்பி வரும் கதிர் சொற்பமே. குறைந்த கதிர்வீச்சில் தெளிவான படம் பெறுவதே இத்துறை ஆய்வாளர்களின் முக்கியச் சவாலாக உள்ளது.