உலக மன்றத்தில் ஒரு மைசூர் திவான்

மைசூருக்குப் படிக்க வந்த புதிதில், இராமசாமி சர்க்கிளைக் கடக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு பெருமிதம் எழும். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன்; ஆற்காடு எங்களுக்குத் தொலைவன்று. மைசூரின் கடைசித் திவானாக விளங்கிய சர் ஆற்காடு இராமசாமி முதலியாரின் பெயரைத்தான் இந்த ஊரார் நன்றியோடு அந்தச் சந்திப்புக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் இதை விடுதி நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் கன்னடத்தவர்; சிரித்துவிட்டார். அது திவான் இராமசாமியின் பெயரன்று. திவானின் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், 1947 செப்டம்பரில், துப்பாக்கிக் குண்டுக்கு இரையான இராமசாமி என்னும் பள்ளி மாணவனின் பெயர் என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

அன்று முதல் அந்த இரண்டு இராமசாமிகளும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஒருவர், உலக நாடுகளின் பேரவையில் மனித உரிமைக்காக வாதாடியவர். மற்றவன், அவருடைய ஆட்சியிலேயே உரிமை கேட்டு உயிர் நீத்தவன். இவ்விருவரையும் ஒருசேர எண்ணிப் பார்க்காமல் முதலியாரின் வாழ்வை எழுதுவது நேர்மையாகாது. ஆகவே மாணவ நண்பர்களே, அவர் கதையை இனிப்பும் கசப்புமாகவே உங்கள் முன் வைக்கிறேன்.

ஆற்காடு என்பது அவர் பெயரோடு ஒட்டிய ஊர். ஆனால் அவர் பிறந்தது தெலுங்கு மண்ணாகிய கர்நூலில். 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள். பிறந்தது தனியாக அன்று; இரட்டையராக. உடன்பிறந்தவர், பின்னாளில் மருத்துவ மேதையாகவும் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகளும் விளங்கிய டாக்டர் இலட்சுமணசாமி முதலியார். இராமனும் இலக்குவனும்போல ஒருவருக்கொருவர் துணையாக வளர்ந்த இவ்விருவரும் பிறமொழி மண்ணில் கண் விழித்த தமிழர்கள். நம்மைப் போன்றவர்கள் என்று சொன்னால் தவறில்லை.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரான இராமசாமி முதலியார், நீதிக் கட்சி தோன்றிய காலத்திலேயே அதில் ஈடுபட்டார். கட்சியின் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்று வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக வழக்காடினார். சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். கட்சியின் ஆங்கில நாளேடான ஜஸ்டிஸ் இதழின் ஆசிரியராக இருந்து எழுதிக் குவித்தார். சென்னை மாநகரின் மேயரானார். இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போய் வந்தார். ஆனால் 1934ஆம் ஆண்டு மத்திய சட்டசபைத் தேர்தலில், காங்கிரஸ் வீரர் சத்தியமூர்த்தியிடம் சென்னையில் தோற்றார்.

அந்தத் தோல்வி அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம். அதன் பின் அவர் ஏறிய படிகளெல்லாம் பெரும்பாலும் நியமனத்தால் வந்தவை. இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசகர், 1939 முதல் வைசிராயின் நிருவாகக் குழுவில் வணிகத் துறை உறுப்பினர், 1942இல் சர்ச்சிலின் போர் அமைச்சரவையில் இந்தியாவின் சார்பாளர் என்று அவர் புகழ் உயர்ந்துகொண்டே போனது. அதே ஆண்டில்தான் காந்தியடிகளும் நேருவும் சிறைக்குள் தள்ளப்பட்டார்கள். ஒரு பக்கம் சிறை, ஒரு பக்கம் சிம்மாசனத்தின் அண்மை! அந்நாளில் தேசியவாதிகள் அவரை ஐயத்தோடு பார்த்ததில் வியப்பென்ன இருக்கிறது?

ஆயினும் அறிவியல் மாணவன் என்ற முறையில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. போர்க்காலத்தில் இந்தியாவுக்கென்று ஒரு தொழில் ஆராய்ச்சி அமைப்பு வேண்டுமென்று அரசுக்குள்ளிருந்து போராடியவர் இந்த முதலியார். அவருடைய முயற்சியால் 1940 ஏப்ரலில் அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் பிறந்தது. அவர் அதன் தலைவர், வேதியியல் அறிஞர் சாந்தி சுவரூப் பட்நாகர் அதன் இயக்குநர். ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வீதம் 5 ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்க வேண்டுமென்ற அவர் கோரிக்கையை 1941 நவம்பரில் மத்திய சட்டசபை ஏற்றது. 1942 செப்டம்பரில் அது இன்று நாம் சி.எஸ்.ஐ.ஆர். என்றழைக்கும் மன்றமாக மலர்ந்தது. மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கி வரும் உணவு ஆராய்ச்சி நிலையம் அந்த மன்றத்தின் கிளைதான். நம்மில் எத்தனையோ பேர் அங்கே ஆய்வு செய்யும் கனவோடு இருக்கிறோம். அந்த மரத்துக்கு நீர் ஊற்றிய கைகளில் ஒன்று ஆற்காட்டாருடையது.

இனி அவர் வாழ்வின் உச்சத்துக்கு வருவோம். 1945 ஏப்ரல் 25இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் உலக நாடுகள் கூடின. போர் ஓயும் தறுவாயில், புதியதோர் உலக அமைப்புக்குச் சாசனம் எழுதுவது நோக்கம். இந்தியக் குழுவுக்கு முதலியாரே தலைவர். இந்தியாவோ அப்போது அடிமை நாடு. இந்தக் குழு இந்திய மக்களின் குழுவன்று, அரசு பொறுக்கியெடுத்த குழு என்று மாநாட்டு வாயிலிலேயே விசயலட்சுமி பண்டிட் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு எடுத்துரைத்தார். சோவியத் அமைச்சர் மாலட்டாவும் சுதந்திர இந்தியாவின் குரலைக் கேட்கும் நாள் வருமென்று கூறி, அங்கிருந்த குழுவை மறைமுகமாகக் குத்திக்காட்டினார். ஆக, உள்ளே அமர்ந்திருந்த முதலியாருக்கு இருக்கை இருந்தது. இருக்கைக்கு அடியில் மண் இல்லை.

இந்த நிலையில் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? ஐந்து வல்லரசுகள் பாதுகாப்பு மன்றத்தையும் தடுப்பு வாக்கையும் தங்கள் மடியில் முடிந்துகொண்டுவிட்டன. ஆஸ்திரேலியா, கனடா முதலிய நடுத்தர நாடுகள் அதை எதிர்த்து முழங்கியும் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. ஆனால் வல்லரசுகள் அவ்வளவாகக் கருத்தூன்றாத ஒரு துறை இருந்தது: பொருளாதார, சமூக ஒத்துழைப்பு. முந்தைய வரைவில் அதற்கான மன்றம் பேரவைக்குக் கீழ்ப்பட்ட சிறு உறுப்பாகவே வைக்கப்பட்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இத்துறையைக் கவனித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முதலியார். சிறிய நாடுகளும் நடுத்தர நாடுகளும் சேர்ந்து உழைத்ததால் அம்மன்றம் சாசனத்தில் முதன்மை உறுப்புகளில் ஒன்றாக உயர்ந்தது. இனம், பால், மொழி, சமயம் என்ற வேற்றுமையின்றி எல்லார்க்கும் மனித உரிமை என்னும் கோட்பாடு சாசனத்தில் இடம்பெற வேண்டுமென்று வற்புறுத்திய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நிறவெறியின் சூட்டை நேரில் அறிந்த நாடல்லவா நம்முடையது!

ஜூன் 26இல் இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்ட இருவரும் தமிழர்கள்: ஒருவர் இராமசாமி முதலியார், மற்றவர் சமஸ்தானங்களின் சார்பில் வந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரியார். அடுத்த ஆண்டு ஜனவரி 23இல் இலண்டனில் பொருளாதார சமூக மன்றம் முதன்முறையாகக் கூடியபோது, 18 உறுப்பு நாடுகளும் அதன் முதல் தலைவராக முதலியாரைத் தேர்ந்தெடுத்தன. சுதந்திரம் பெறாத நாட்டின் மகன் ஒருவன் உலக மன்றத்தின் தலைமை இருக்கையில்! அந்த முதல் ஆண்டிலேயே மனித உரிமை ஆணையத்துக்கு அம்மன்றம் வித்திட்டது. அது கூட்டிய நியூயார்க் மாநாட்டில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1946 ஜூலையில் கையெழுத்தாயிற்று. அண்ணன் தம்பியர் ஒற்றுமையைப் பாருங்கள்: அந்நிறுவனத்தின் பேரவைக்கு 1961இல் தலைமை வகித்தவர் இலட்சுமணசாமி முதலியார்.

படைபலமும் பணபலமும் இல்லாத நாடு உலகில் எப்படி மதிப்புப் பெறுவது என்ற கேள்விக்கு இது ஒரு விடை. வல்லரசுகளின் கோட்டைக் கதவில் தலையை முட்டிக்கொள்வதைவிட, அவர்கள் கவனிக்காத வயலில் உழுது பயிரிடுவது மேல். தூதரக வேலையும் ஆய்வுக்கூட வேலையும் இதில் ஒன்றுதான். சலிக்காமல் உட்கார்ந்து செய்பவன் பக்கமே முடிவு சாயும்.

1946 ஆகஸ்டில் அவர் மைசூர்த் திவானாக இங்கு வந்தார். மைசூர் எப்படிப்பட்ட நாடு? ஒரு காலத்தில் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயர், மராட்டியர், நிசாம் என்னும் மூன்று சக்திகளுக்கு நடுவே சொந்த வெளியுறவுக் கொள்கை வகுத்த நாடு. பிரெஞ்சு மன்னனிடமும் துருக்கிச் சுல்தானிடமும் தூதர்களை அனுப்பிய நாடு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த உரிமை பறிபோயிற்று. நல்லாட்சிக்குப் பேர்பெற்ற சமஸ்தானமாக மைசூர் வளர்ந்தது. வெளியுலகோடு தானாகப் பேசும் வாய் மட்டும் அதற்கு இல்லை.

1947இல் ஆங்கிலேயர் புறப்பட்டபோது, சில சமஸ்தானங்களுக்கு அந்த வாய் திரும்பக் கிடைத்துவிட்டது போன்றதொரு மயக்கம் பிறந்தது. திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் தனிநாடு என்றே அறிவித்துவிட்டார். முதலியார் அந்த வழியில் போகவில்லை. ஆகஸ்டு 15க்கு முன்னரே மைசூர் மகாராசா சயசாமராசேந்திர உடையார் இந்தியாவோடு இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

ஆனால் வெளியுலகைத் தெளிவாகக் கண்ட கண்கள் வீட்டு முற்றத்தைக் காணத் தவறின. மக்கள் பொறுப்பாட்சி கேட்டார்கள். தில்லியில் மக்களாட்சி, மைசூரில் மட்டும் திவானாட்சியா என்று கேட்டார்கள். திவான் காலம் கடத்தினார். மைசூர் சலோ என்னும் கிளர்ச்சி மூண்டது. ஆற்காட்டாரைப் புறக்கணிப்போம் என்று தெருவெங்கும் முழக்கம் எழுந்தது. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். அப்போதுதான் அந்தப் பள்ளிச் சிறுவன் இராமசாமி வீழ்ந்தான். அக்டோபர் இறுதியில் கே. செங்கலராய ரெட்டியின் தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள்; ஆனால் ஓர் உயிரை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கியை முதலியார் கையில் ஏந்தவில்லை என்பது உண்மை. ஆட்சியின் தலைவர் அவர் என்பதும் உண்மையே.

அடுத்த ஆண்டு மற்றொரு சோதனை வந்தது. ஐதராபாத் நிசாமின் அரசு இந்தியாவின்மீது பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைய, 16இல் பாரிசில் மன்றம் கூடியது. இந்தியாவின் தரப்பை எடுத்துரைக்க நேருவின் அரசு அனுப்பியது யாரை? காங்கிரசை வாழ்நாளெல்லாம் எதிர்த்த இராமசாமி முதலியாரை! ஐதராபாத் பன்னாட்டுச் சட்டப்படி ஒரு நாடே அன்று, ஆகவே முறையிட அதற்குத் தகுதியில்லை என்று அவர் வாதிட்டார். ஒரு சமஸ்தானத்தின் திவான், மற்றொரு சமஸ்தானத்துக்கு வெளியுறவு உரிமை இல்லையென்று உலகத்தின் முன் நிறுவுகிறார்! மறுநாளே நிசாம் போர்நிறுத்தம் அறிவித்தார்; சில நாட்களில் முறையீட்டையும் திரும்பப் பெற்றார். சான் பிரான்சிஸ்கோவில் அவர் இருக்கைக்கு அடியில் இல்லாதிருந்த மண், பாரிசில் இருந்தது. மனிதர் ஒருவரே, சட்ட அறிவும் அதே. பின்னால் நின்ற நாடு மாறியிருந்தது.

1949வரை திவான் பொறுப்பில் இருந்தார். பின்னர் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1955இல் தொடங்கிய ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் முதல் தலைவரானார். பத்ம பூஷண், பத்ம விபூஷண் விருதுகள் வந்தன. 1974இல் இலட்சுமணசாமி மறைந்தார். 1976 ஜூலை 17இல் இராமசாமியும் கண் மூடினார்.

நண்பர்களே, பன்னாட்டு அரங்கில் நம் நாட்டின் குரல் ஓங்க வேண்டுமென்று நாம் விடுதி முற்றத்தில் அமர்ந்து மணிக்கணக்கில் வாதிடுகிறோம். வாதிடுவோம், அது நல்லதே. ஆனால் ஒரு நாட்டின் சொல்லுக்கு வெளியே கிடைக்கும் மதிப்பு, அந்நாடு தன் மக்களிடம் நடந்துகொள்ளும் முறையிலிருந்து பிறக்கிறது என்பதை முதலியாரின் வாழ்வு இரு பக்கமும் காட்டுகிறது. அவருடைய திறமைக்குக் குறைவில்லை. மக்கள் பின்னால் இல்லாத இடத்தில் அத்திறமை பாதியாய் நின்றது. மக்கள் நின்றபோது முழுமை பெற்றது.

இப்போதும் நான் இராமசாமி சர்க்கிளைக் கடந்துதான் போகிறேன். பெயர் யாருடையது என்பதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. அந்த இடம் அந்தச் சிறுவனுக்கே உரியது, அப்படியே இருக்கட்டும். திவானின் நினைவுக்கு நம் ஆய்வுக்கூடங்களும் ஐ.நா. சாசனத்தின் அடியில் இருக்கும் கையெழுத்தும் போதும்.