காலடி எழுதிய கோடு

மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவிலே தோணியிற் செல்வோர், துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி, மறுமுனையைக் காதிற் பொருத்தி மீன்பாட்டுக் கேட்பதுண்டு. வெறுஞ் செவிக்கு எட்டா ஒலியைத் துடுப்பு மேலே கொணர்ந்து தருகின்றது. அதுபோலவே, கண்ணுக்கு எட்டாத காலடி விசையை வெளிக்கொணர வழிகண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், வாவிக்கரைப் பாடசாலை ஒன்றின் விளையாட்டுப் போட்டியிலே முடிவுக் கயிற்றருகே நடுவராய் நின்றேன். 100 மீற்றர் ஓட்டத்தில் மாணவர் இருவர் ஒருங்கே வந்து கயிற்றைத் தொட்டனர். என் கண்ணை நம்பி ஒருவனை முதல்வன் என்றேன். மற்றவன் ஒன்றும் பேசாது என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சென்றான். அப் பார்வை இன்னும் என்னை விட்டகலவில்லை.

கண்ணை நம்பலாகாது என்பதையே வாழ்நாட் கொள்கையாகக் கொண்டவர் எத்தியென் ஜூல் மரே. 1830 ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த போன் நகரிலே பிறந்தார். அவர் விரும்பியது பொறியியல். தந்தையார் விரும்பியது வைத்தியம். தந்தை சொற் கடவாது பரிஸ் சென்று வைத்தியங் கற்றார். ஆயினும் பொறிகள்மேற் கொண்ட காதல் அவரை விடவில்லை. நம்மூர்ப் பரிகாரியார் விரல் நுனியால் உணரும் நாடித் துடிப்பை, புகைக்கரி படிந்த தாளிலே கோடாக எழுதிக்காட்டும் கருவியை 1860 இல் அமைத்தார்.

நாடியை எழுதச் செய்தவர், பின்னர்க் காலடியையும் எழுதச் செய்தார். சப்பாத்தின் தடித்த இறப்பர் அடியினுள்ளே ஒரு காற்றறை. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முடிவிலே மெல்லிய இறப்பர்த் தோல் போர்த்த சிறு பறை. ஓடுபவன் அதனைக் கையில் ஏந்தி ஓடுவான். கால் நிலத்தை மிதிக்கக் காற்று அழுந்தும். பறையின் தோல் உயரும். அதன்மேலுள்ள ஊசி சுழலும் உருளையிலே கோடிடும். பிரெஞ்சு மொழியிலும் அவ் உறுப்புக்குப் பறை என்பதே பெயர். நம் பறை கைபட்டு ஒலிக்கும். அவர் பறை கால்பட்டு எழுதிற்று. ஓடுங்கால் இரு பாதமும் நிலத்தை நீங்கி நிற்கும் கணமும் அக் கோட்டிலே தெளிவாயிற்று.

1882 இல், பரிஸ் நகரின் ஓரத்தே, 500 மீற்றர் வட்டப் பாதையுடன் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. அங்கே மரேயும் துணைவர் ஜோர்ஜ் டெமெனியும், சுருட்டிய இறப்பர்க் குழாய்களைப் பலகையின் கீழ் வைத்து, மிதிப்பவனின் விசையை அளக்கும் மேடை செய்தனர். இன்றைய விசை மேடைகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. பின்னர் அசையும் படங்களை வாணிகமாக்க டெமெனி விரும்பினார், மரே இசைந்திலர். 1894 இல் இருவரும் பிரிந்தனர். மேடையின் புகழிலே டெமெனியின் பங்கு குறைத்தே பேசப்படுகின்றது; அது முறையன்று என்பது என் கருத்து.

1900 இல் பரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு வந்த அமெரிக்க வீரரின் அசைவுகளையும் மரே படம்பிடித்து ஆராய்ந்தார். 1904 இல் மறைந்தார்.

அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகக் கல்லின் இயல்பை, அதே பரிஸ் நகரிலே 1880 இல் கியூரி சகோதரர் கண்டிருந்தனர். காற்றின் வேலையைப் பிற்காலத்தில் அக் கல் ஏற்றது. முழு வேகத்தில் ஓடும் வீரனின் பாதம் நிலத்திற் படிவது ஒரு செக்கனில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே; அதற்குள் அவன் தன் எடையினும் பன்மடங்கு விசையால் நிலத்தை உந்துகின்றான். விரைந்தோடுபவனின் சிறப்பு, காலை விரைந்து வீசுவதிலன்று, அச் சிறு பொழுதில் வன்மையாக ஊன்றுவதிலேயே பெரிதும் உள்ளது என இன்றைய மேடைகள் காட்டியுள்ளன. இதனை எந்தக் கண் கண்டது?

எங்கள் பாடசாலையில் இன்னமும் கயிறும் கண்ணுமே. இவ்வாண்டும் நடுவராக அழைத்தனர். இருவர் ஒருங்கே வந்தால் இருவருக்கும் முதலிடம் தருவதாயின் வருவேன் என்றேன். அதிபர் இசைந்தார்.